அன்றாட வாழ்வில் அதிகாரம்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவுசெய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் நம்மையும் பேசுமாறு பணித்தமைக்கு நன்றி உடையோம். கல்வியால் நாம் அடைந்த முன்னேற்றம் குறித்துப் பேசலாம் என்று செயலாளர் அவர்கள் கூறினார்கள். எத்தனை பட்டதாரிகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை செவிலியர்கள் என்று எண்ணிச் சொல்ல உரியவர்கள் இம்மேடையில் இருக்கிறார்கள். ஆகவே நாம் வேறொரு கணக்கை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். நம் தெருவிலிருந்து புறப்பட்டு வயலுக்கும் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் சென்று திரும்பும் ஒருவர், ஒரு நாளில் எத்தனை இடங்களில் குனிகிறார், எத்தனை இடங்களில் நிமிர்கிறார் என்பதே அக்கணக்கு.

அதிகாரம் என்றவுடன் ஆட்சியர் அலுவலகமும் காவல் நிலையமும் நீதிமன்றமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஏழை உழவுத் தொழிலாளி ஒருவர் ஆட்சியரைத் தம் வாழ்நாளில் எத்தனை முறை கண்டிருப்பார்? அவர் நாள்தோறும் கண்ட அதிகாரம் வேறு. அது நெல் அளக்கும் மரக்காலில் இருந்தது. குடிசை நின்ற மண்ணில் இருந்தது. தோளில் கிடந்த துண்டில் இருந்தது. 'வாடா' என்ற ஒரு சொல்லில் இருந்தது. இச்சிறிய பொருள்களையும் சொற்களையும் கூர்ந்து நோக்கி, மனிதர் ஒருவரை ஒருவர் எவ்வாறு ஆளுகின்றனர் என்று ஆராய்வது மானிடவியல் என்னும் துறையின் வேலைகளுள் ஒன்று. அத்துறைக்கு நம் தஞ்சைத் தரணி புதிய இடமன்று.

கேத்லீன் கஃப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1951 முதல் 1953 வரை நம் பழைய தஞ்சை மாவட்டத்தில் தங்கி இரண்டு ஊர்களை ஆராய்ந்தார். அவ்வூர்களின் உண்மைப் பெயர்களை மறைத்து, கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். 1976-இல் மீண்டும் வந்து அதே ஊர்களைப் பார்த்தார். அவருக்குப் பின், 1961-62-இல் ஆந்த்ரே பெத்தேய் என்னும் இந்திய அறிஞர் வந்து, ஸ்ரீபுரம் என்று தாம் புனைபெயரிட்ட ஓர் ஊரில் பல மாதங்கள் வாழ்ந்து, சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றையும் பற்றி 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் மாணவர் படிக்கும் நூல்கள் இவை. ஆயினும் அவற்றில் பேசப்படும் நம் தெருப் பிள்ளைகள் அவற்றின் பெயரையும் அறியார்.

அந்நூல்கள் கூறுவது என்ன? யார் எத்தெருவில் நுழையலாம், யார் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும், யாரை யார் எச்சொல்லால் அழைக்க வேண்டும் என்பன போன்றவற்றையெல்லாம் அவர்கள் பொறுமையுடன் குறித்து வைத்தனர். நிலமும், சாதி உயர்வும், ஊர் அதிகாரமும் முற்காலத்தில் ஒரே கையில் இருந்தன. பின்னர் ஊராட்சியும் கட்சி அரசியலும் வந்தபோது அதிகாரம் வேறு கைகளுக்கு நகரத் தொடங்கியது என்பது பெத்தேய் கண்ட முடிவு. அஃது உண்மையே. ஆனால் அக்கிரகாரத்திலிருந்து அதிகாரம் நகர்ந்தபோது அது சேரிக்கு வந்து சேரவில்லை என்பதும் உண்மையே. மேலும் ஒன்று. பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கியிருந்தமையால், சேரிக்குள் எளிதாகச் சென்று பழக இயலவில்லை. ஆராய வந்தவரின் கால்களையும் தெருவின் சட்டம் தடுத்தது. ஆகவே நம் பக்கத்துச் செய்திகளை நாமே சொல்ல வேண்டியவர்களாக இருக்கிறோம்.

முதலில் மரக்காலை எடுத்துக்கொள்வோம். 12 மரக்கால் கொண்டது ஒரு கலம். பண்ணையாளுக்குக் கூலி பணமாக அன்றி நெல்லாகவே அளக்கப்பட்ட காலம் அது. மிராசுதார் வீட்டில் வாங்கும் மரக்கால் ஒன்று, கொடுக்கும் மரக்கால் ஒன்று என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மரக்கால் ஒன்றேயாயினும், குத்தகை நெல்லை அளந்து வாங்கும்போது கோபுரம்போல் குவிப்பதும், கூலி கொடுக்கும்போது தலைதட்டி அளப்பதும் உண்டு. அளப்பவர் காரியக்காரர், வாங்குபவர் துண்டை ஏந்தி நிற்பவர். 'குறைகிறது' என்று ஒரு சொல் சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் வேலை இராது. இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆயினும் அளக்கும் கையில் அதிகாரம் முழுவதும் இருந்தது. முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பது அந்நாளைய விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்றாக அமைந்ததன் காரணம் இப்போது விளங்கும்.

இரண்டாவது, மனைக்கட்டு. நம் பாட்டனார் காலத்தில் குடிசை நின்ற மண் குடிசைக்காரருக்குச் சொந்தமன்று. அது மிராசுதாருக்கு உரியது. வேலை செய்யும்வரை குடியிருப்பு. வேலை போனால் குடியிருப்பும் போகும். ஆகவே ஒருவர் எதிர்த்துப் பேச எண்ணினால், தம் கூலியை மட்டும் பணயம் வைக்கவில்லை. மனைவி மக்கள் படுத்துறங்கும் இடத்தையும், கொல்லையில் ஊன்றிய முருங்கையையும், கட்டிய ஆட்டையும் சேர்த்தே பணயம் வைத்தார். 'அக்காலத்து மக்கள் ஏன் பணிந்தே போனார்கள்?' என்று இன்றைய இளைஞர் வினவுகிறார்கள். அவர்கள் கோழைகள் அல்லர். காலடி மண்ணும் அடுத்த வேளைச் சோறும் ஒருவரிடமே இருந்தால், அவர்முன் தோளில் துண்டு தங்குவது அரிது.

மூன்றாவது, உடலும் சொல்லும். துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்க வேண்டும். பெரிய தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். குடை விரிக்கக் கூடாது. அறுபது வயது முதியவரைப் பத்து வயதுச் சிறுவன் பெயர் சொல்லி 'டா' போட்டு அழைப்பான். முதியவரோ அச்சிறுவனைச் 'சின்ன ஐயா' என்பார். வயதுக்கு மதிப்புக் கொடுப்பதே தமிழர் பண்பு என்று பாடநூலில் நடத்துகிறோம். அந்தப் பண்பு நம் தெரு எல்லையில் நின்றுவிட்டது. இவற்றையெல்லாம் நாள்தோறும் செய்து பழகிய உடலுக்கு, அவை கட்டளை என்பதே மறந்துபோகும். இயல்பு என்று தோன்றிவிடும். இதுவே அன்றாட அதிகாரத்தின் வலிமை. சவுக்கைக் கண்டால் சினம் வரும். பழக்கத்தைக் கண்டால் சினமும் வராது.

அக்காலத்தில் சவுக்கும் இல்லாமல் இல்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் நம் பாட்டன்மார் அறிந்த தண்டனைகள். 1940-களில் கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் போன்றோர் சேரிகளில் தங்கி, நம் மக்களோடு உண்டு, சங்கம் அமைத்தபோது, முதலில் எழுந்த குரல் கூலிக்காக மட்டும் எழுந்ததன்று; இவ்விரு கொடுமைகளையும் ஒழிப்பதற்காகவும் எழுந்தது. 1944-ஆம் ஆண்டு மன்னார்குடி ஒப்பந்தம் அப்போராட்டத்தின் பயன். 1952-இல் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தவாறு நீக்க முடியாது என்று அச்சட்டம் கூறியது. உடனே நிலவுடைமையாளர் பலர் பண்ணையாள் முறையையே கைவிட்டு, தினக்கூலியாக ஆட்களை அழைக்கத் தொடங்கினர். சட்டம் ஒரு வாயிலை அடைத்தால் அதிகாரம் மறுவாயிலைத் தேடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவை நாம் மறக்க இயலாது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காகவும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததற்காகவும் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கீழமை நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அரைப்படி நெல் எவ்வளவு? ஒரு வேளைக் கஞ்சிக்குத்தான் காணும். நெல்லின் விலைக்காக மட்டும் இவ்வளவு கொடுமை நிகழவில்லை. 'அளப்பது நான், கேட்பதற்கு நீ யார்?' என்னும் உரிமை அங்கே அசைக்கப்பட்டது. மரக்காலில் இருந்த அதிகாரம் எத்தகையது என்பதற்கு வெண்மணியே சான்று.

அதன்பின் 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருப்பு மனைகளை அங்கு வாழ்வோர்க்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டன. இவற்றுள் நம் வாழ்வை மிகவும் மாற்றியது எது என்று கேட்டால், 1971-ஆம் ஆண்டுச் சட்டம் என்றே நாம் சொல்வோம். காலடி மண் சொந்தமான பிறகுதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் துணிவு பலருக்கும் பிறந்தது. 'மாடு மேய்க்க ஆள் அனுப்பு' என்று பண்ணையிலிருந்து சொல்லியனுப்பினால், 'பையன் பள்ளிக்கூடம் போயிருக்கிறான்' என்று மறுமொழி சொல்ல முடிந்தது. அந்த ஒரு மறுமொழியின் மேல்தான் நம் கல்விக் கழகம் எழுந்து நிற்கிறது என்றால் மிகையாகாது.

ஆனால் சட்டம் மண்ணை மாற்றிய அளவு விரைவாக உடலை மாற்றவில்லை. இதற்கு நம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூற அனுமதிக்க வேண்டும். நாம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடுமுறையில் எம் தந்தையாரோடு கடைத்தெருவுக்குச் சென்றோம். எதிரே பழைய மிராசுதாரின் பேரன் மிதிவண்டியில் வந்தார். நம்மைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராய் இருக்கலாம். அவர்கள் குடும்பத்து நிலத்தில் பெரும்பகுதி அதற்குள் விற்கப்பட்டுவிட்டது; எம் வீட்டு மனைக்குப் பட்டாவும் வந்துவிட்டது. ஆயினும் எம் தந்தையாரின் கை மேலே சென்று தோள்துண்டை எடுத்தது. அந்த இளைஞர் அதைக் கவனிக்கவும் இல்லை, கடந்து போய்விட்டார். நமக்குச் சினம் பொங்கியது. 'ஏனப்பா துண்டை எடுத்தீர்கள்? அவரிடம் நமக்கு என்ன இருக்கிறது?' என்று கேட்டோம். தந்தையார் சிறிது தொலைவு பேசாமல் நடந்தார். பிறகு, 'கை தானா போவுது தம்பி, நானா எடுக்கல' என்றார்.

அன்று அதைக் கோழைத்தனம் என்று எண்ணினோம். பல ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த பிறகே அதன் பொருள் விளங்கியது. அவர் உண்மையைச் சொன்னார். கட்டளையிட்டவர் போன பின்பும் கட்டளை கையில் இருந்தது. பட்டாவைத் தாசில்தார் கொடுக்கலாம். கைக்குப் புதுப் பழக்கத்தை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அது சிறு வயதில், அச்சமில்லாத இடத்தில், நாள்தோறும் பழகி வர வேண்டும். அத்தகைய இடம் ஒன்றுதான் உண்டு, அது பள்ளிக்கூடம்.

நம் மக்கள் அக்காலத்தில் வாய்மூடியே இருந்தனர் என்றும் எண்ண வேண்டாம். நேரே எதிர்க்க முடியாதவர்கள் மறைவாக எதிர்த்தனர். மிராசுதார்களுக்கு நம் தெருவில் வழங்கிய பட்டப்பெயர்களை முதியோரிடம் கேட்டுப்பாருங்கள், சிரித்து மாளாது. காரியக்காரர் தலை மறைந்ததும் நாற்று நடும் கை தானே மெதுவாகும். நம்மைப்போலவே நெல் விளையும் மலேசியாவின் கெடா மாநிலத்தில், 1978 முதல் 1980 வரை ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் ஊரில் தங்கி, இத்தகைய மறைமுக எதிர்ப்புகளை ஆராய்ந்து 1985-இல் நூல் எழுதினார். அறுவடை எந்திரம் வந்து ஏழைகளின் அறுவடை வேலையைப் பறித்த கதையும் அதில் உண்டு. நம் வயல்களிலும் இன்று அறுவடை எந்திரம் ஓடுகிறது. பணிந்தவர் எல்லாரும் மனம் ஒப்பிப் பணிந்தனர் என்று எண்ணிவிடக் கூடாது என்பதே அவர் நூல் தரும் பாடம். நம் பெற்றோரைப் பற்றி நாம் கொள்ள வேண்டிய மதிப்பும் இதுவே.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். பழைய கொடுமைகள் பல மறைந்தன என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறோம். செருப்பணிந்து நடக்கிறோம், வாகனத்தில் செல்கிறோம். ஆனால் அதிகாரம் இருந்த இடத்தைக் காலிசெய்து போயிற்றா, அல்லது இடம் மாறியதா என்று பார்க்க வேண்டும்.

நாற்காலியைப் பாருங்கள். இடஒதுக்கீட்டால் நம்மவர் ஊராட்சித் தலைவர் ஆகலாம் என்று 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வழிசெய்தது. ஆயினும் 2020-இல், கொள்ளிடத்துக்கு வடக்கே கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் வெளிவந்து நாடே கண்டது. வழக்கும் பதிவாயிற்று. பதவியைச் சட்டம் கொடுத்தது. நாற்காலியை ஊர் கொடுக்கவில்லை.

பாதையைப் பாருங்கள். 2016 சனவரியில், மயிலாடுதுறைக்கு அருகில் திருநாள்கொண்டச்சேரியில், இறந்த முதியவர் ஒருவரின் உடலைப் பொதுத் தெரு வழியே எடுத்துச் செல்ல உயர்நீதிமன்றம் ஆணையிட்டும், அவ்வழியில் கொண்டுசெல்ல இயலவில்லை. காவல்துறையினரே உடலை வேறு வழியில் எடுத்துச் சென்று அடக்கம் செய்தனர். விளைந்து நிற்கும் வயலில், முழங்கால் சேற்றில், பாடை சுமந்து செல்லும் துன்பத்தை நம்முள் பலர் அறிவர்.

குவளையைப் பாருங்கள். கொட்டாங்கச்சி போயிற்று; தனிக் குவளை வந்தது. 2022 டிசம்பரில் அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையின் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமையை விசாரிக்கச் சென்ற அதிகாரிகள், அவ்வூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கண்டனர். பல ஊர்களில் இப்போது காகிதக் குவளை வந்துவிட்டது. எல்லார்க்கும் ஒரே குவளை, நல்லதே. ஆனால் குடித்தபின் யாரும் எதையும் கழுவ வேண்டியதில்லை என்பதனால் வந்த சமத்துவமா, மனம் மாறியதனால் வந்த சமத்துவமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்கிறோம். 2025 ஏப்ரலில், 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஒரு சொல்லுக்குள்ளும் அதிகாரம் குடியிருக்கும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டது எனக் கொள்ளலாம்.

பள்ளிகளும் விதிவிலக்கல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் உடன் படித்த மாணவர்களாலேயே வெட்டப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையும், பள்ளிப் பெயர்களில் ஒட்டியுள்ள சாதி அடையாளங்களையும் நீக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. மணிக்கட்டில் ஒரு நூல். அதுவும் இன்று அதிகாரத்தின் மரக்கால் ஆயிற்று.

பிறர் பள்ளியைப் பற்றிப் பேசிவிட்டு நம் பள்ளியைப் பற்றிப் பேசாதிருப்பது முறையன்று. தலைமையாசிரியர் பொறுப்பேற்ற சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு நாள் ஓர் ஐயம் எழுந்தது. அதனால் இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில், எவ்வேலைக்கு எப்பிள்ளையை அழைக்கிறோம் என்று ஒருவருக்கும் சொல்லாமல் குறித்துவந்தோம். வருகைப் பதிவேடு எடுத்துவர, விருந்தினருக்குத் தண்ணீர் கொடுக்க, காலை வணக்கக் கூட்டத்தில் பாட அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பெரிய தெருப் பிள்ளைகள். வகுப்பறை கூட்ட, குப்பை அள்ள, செடிக்குத் தண்ணீர் சுமக்க அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைகள். யார் அழைத்தது? வேறு ஆசிரியர்கள் மட்டும் அல்லர். அவ்வேட்டில் பாதிக்கு மேல் நாமே அழைத்தவை. நம் தெருவில் பிறந்து, நம் தெருவிலிருந்து படித்து வந்த நம் வாயே அப்பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டது. ஏனென்று எண்ணிப் பார்த்தோம். அப்பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள், அவர்களுடைய பெற்றோர் வந்து கேட்கமாட்டார்கள். இதை நம் அறிவு சிந்திக்கவில்லை, வாய் அறிந்திருந்தது. எம் தந்தையாரின் கை தானே துண்டுக்குச் சென்றதைப் போல, நம் வாய் தானே அப்பெயர்களுக்குச் சென்றது.

மறுநாள் முதல் வகுப்பேட்டின் வரிசை எண்ணின்படியே எல்லா வேலையும் என்று மாற்றினோம். பாடுவதும் வரிசைப்படி, பெருக்குவதும் வரிசைப்படி. ஆசிரியர் அறைக்கும் தலைமையாசிரியர் அறைக்கும் ஆசிரியர்களே பொறுப்பு. ஒரு வாரத்துக்குள் பெரிய தெருவிலிருந்து ஒரு தந்தை வந்தார். 'எங்கள் பிள்ளையைக் கூட்டச் சொல்வதா?' என்று சினந்தார். அதை எதிர்பார்த்தே இருந்தோம். வரிசை ஏட்டைக் காட்டி விடை கூறினோம். எதிர்பாராதது அதற்கடுத்த நாள் வந்தது. நம் தெருவைச் சேர்ந்த ஒரு தாய் வாயிலில் வந்து நின்றார். 'பழையபடி எங்க புள்ளைங்களே கூட்டிட்டுப் போவட்டும் சார், எதுக்கு வீண் வம்பு?' என்றார். பிறகு தெரிந்தது, அவர் கணவர் முன்னாள் வந்தவரின் உழவு எந்திரத்தை ஓட்டிப் பிழைக்கிறார் என்று.

முதலில் வந்தவரின் சினம் நம்மை வருத்தவில்லை. அத்தாயின் வேண்டுகோள் பல நாள் உறங்கவிடவில்லை. அவர் சொன்னதில் பிழை காண்பதற்கு நாம் யார்? மாதம் பிறந்தால் நமக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது; அவருக்கு அந்த எந்திரக்காரர் கொடுக்கிறார். மனைக்கட்டு மிராசுதாரிடம் இருந்த காலத்துக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. வயிற்றின் கட்டு அவிழாமல் கையின் கட்டு அவிழாது என்பதை அன்று கண்டோம். ஆயினும் வரிசை முறையை நாம் மாற்றவில்லை. 'அம்மா, இது உங்கள் பிள்ளைக்காக மட்டும் செய்ததன்று, பள்ளியின் விதி. கேட்பவர் என்னைக் கேட்கட்டும்' என்று சொல்லி அனுப்பினோம். பெரிய தெருவிலிருந்து ஒரு பிள்ளை தனியார் பள்ளிக்கு மாறிப் போயிற்று. மற்றப் பிள்ளைகள் தொடர்ந்து படித்தனர். அடுத்த ஆண்டு அவ்விதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அது பழக்கமாகிவிட்டது.

சதாராவில் பள்ளியில் படித்த சிறுவன் அம்பேத்கர், தான் அமரும் கோணியைத் தானே சுமந்து சென்றான். தாகம் எடுத்தால் குழாயைத் தான் தொட முடியாது. பள்ளிச் சேவகர் திறந்துவிட வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீரும் இல்லை. இந்நாட்டின் அரசமைப்பை வகுத்த பெருமகனின் உள்ளத்தில், அக்கோணியும் அக்குழாயும் முதுமை வரை இருந்தன. நம் பள்ளியில் நாம் யார் பெயரைக் கூப்பிடுகிறோம் என்பதும் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் அவ்வாறே இருக்கும் அல்லவா?

நிறைவாக, கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சாதி என்பது ஒருவர்மேல் ஒருவராக ஏறி நிற்கும் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் விளக்கினார். ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் கீழே மிதிக்க ஒருவர் உண்டு என்பதனாலேயே அது நிலைக்கிறது. நம் தெருவுக்கு வெளியே 'வாடா' என்ற சொல்லைக் கேட்டுப் புண்பட்ட நாம், நமக்கும் கீழாக எண்ணப்படும் துணி வெளுப்போரையும் துப்புரவுப் பணியாளரையும் எப்படி அழைக்கிறோம்? வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதை எதிர்த்துக் கேட்டோமா? வீட்டில் மகன் படிக்கும்போது மகள் பாத்திரம் துலக்குகிறாள் அல்லவா? அங்கும் ஒரு வரிசை ஏடு தேவைப்படுகிறது.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் நம் கழகத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: கழகத்தின் மாலை வகுப்புகளில், பாடங்களோடு நம் வட்டாரத்தின் வரலாற்றையும் கற்பிக்க வேண்டும். மரக்கால், மனைக்கட்டு, மன்னார்குடி ஒப்பந்தம், வெண்மணி ஆகியவற்றைப் பற்றி முதியோரை அழைத்துப் பேசச் செய்து, பிள்ளைகளே எழுதி வைக்க வேண்டும். நம்மைப் பற்றி அயலார் எழுதினர். இனி நாமும் எழுதுவோம்.

இரண்டு: வேலை செய்யும் இடத்தில் ஒருவரையே நம்பி வாழும் நிலை நீங்க, தொழிற்பயிற்சிக்கும் கடனுதவிக்கும் வழிகாட்டும் பிரிவு ஒன்று கழகத்தில் அமைய வேண்டும். பட்டம் பெறாத பிள்ளையும் நம் பிள்ளையே. அப்பிள்ளையின் தாய் பள்ளி வாயிலில் வந்து 'எதுக்கு வம்பு' என்று சொல்லும் நிலை இராதவாறு செய்வதும் கல்விப் பணியே.

மூன்று: நம் கழகத்தின் கூட்டங்களிலேயே தொடங்குவோம். இன்று இம்மேடையில் நாற்காலிகள் பல. அவற்றில் பெண்கள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். பந்தலின் பின்னே உணவு சமைப்போர் யார், இலை எடுப்போர் யார் என்றும் பாருங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அவ்வரிசை மாறியிருக்க வேண்டும்.

எம் தந்தையார் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் கடைத்தெருவில் யாரைக் கண்டாலும் வணக்கம் சொல்கிறார்கள். பெரியவர் எவராயினும் எழுந்து நிற்கிறார்கள். அவர்களுடைய கையும் தானாகவே மேலே செல்கிறது. ஆனால் துண்டை எடுப்பதற்காக அன்று, வணங்குவதற்காக. அவர்கள் எல்லார்க்கும் அதைச் செய்கிறார்கள். எல்லாரிடமும் அதையே எதிர்பார்க்கிறார்கள். நம் கழகத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணி, இப்பழக்கம் நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் வரச் செய்வதாக அமைக.

 வளர்க நம் கல்விக் கழகம்!